மச்சு பிச்சுவா, சோக்கேகிராவா, அவுசங்கதேவா? பெருவில் பல நாள் மலைநடை போக நினைப்பவர்களின் கேள்விகள்

பெரு நாட்டில் குஸ்கோ நகரத்தைச் சுற்றியுள்ள மலைகளில் மூன்று பயணங்களில் நான்கு பாதைகள் நடந்திருக்கிறேன். திரும்பி வந்ததிலிருந்து நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எல்லாப் பாதையும் மச்சு பிச்சுவுக்குத்தானே போகிறது? எதில் போனால் என்ன?

இல்லை. இந்த எண்ணத்தோடு கிளம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் தவறான பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் இந்த மலைகளை ஆண்ட இன்காக்கள் கட்டிய கல்நகரம் மச்சு பிச்சு. அதைப் பார்ப்பதற்கு நடக்கவே வேண்டியதில்லை. ரயிலில் அடிவாரத்துக்குப் போய் அங்கிருந்து பஸ்ஸில் ஏறிவிடலாம். நான்கைந்து நாள் நடப்பது வழியில் இருப்பதற்காக. அதனால் பாதை எங்கே முடிகிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கண்ணுக்கு எதிரே என்ன இருக்கும் என்று முதலில் கேளுங்கள். கல்கட்டடங்களா, பனிச்சிகரமா, காப்பித் தோட்டமா, நெசவாளர் ஊர்களா? நான்கும் ஒரே பாதையில் கிடைக்காது.

அதற்கு அடுத்த கேள்வி, உங்கள் உடம்பு உயரத்துக்குப் பழக எத்தனை நாள் ஒதுக்க முடியும் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் பாதை தானாகவே முடிவாகிவிடும்.

பிரபலமான இன்கா பாதையில் அப்படி என்ன இருக்கிறது?

இன்காக்கள் தங்கள் பேரரசு முழுக்க 30,000 கிலோமீட்டருக்கு மேல் சாலை போட்டவர்கள். அந்தச் சாலைப் பின்னலுக்கு 'கபாக் ஞான்' என்று பெயர். 2014-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் சிறு துண்டுதான் இன்று எல்லாரும் இன்கா பாதை என்று சொல்வது: நான்கு நாள், சுமார் 43 கிலோமீட்டர். ரயில் பாதையின் 82-வது கிலோமீட்டர் என்ற இடத்தில் தொடங்குகிறது.

முதல் நாள் எளிது. இரண்டாம் நாள் 4,215 மீட்டர் உயரமுள்ள 'இறந்த பெண் கணவாய்' வரை ஒரே ஏற்றம். தூரத்திலிருந்து பார்த்தால் அந்த முகடு ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போலத் தெரியும், பெயர் அதனால்தான். இந்த நாளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு மனதில் நிற்பது மூன்றாம் நாள். அன்று காலடியில் இருப்பது பெரும்பாலும் இன்காக்கள் பதித்த அதே கல். பாறையைக் குடைந்த சுரங்கத்துக்குள் படி இறங்குகிறது. சயாக்மார்கா என்ற கோட்டை போன்ற இடத்துக்கு ஒற்றையடிப் படிக்கட்டில் ஏறிப் போக வேண்டும். அதற்கப்புறம் புயுபத்தமார்கா, 'மேகங்களுக்கு மேலே உள்ள ஊர்' என்று அர்த்தம். அங்கே கல்தொட்டிகளில் இன்னமும் ஊற்றுநீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. மாலையில் விஞாய் வைனா, மலைச்சரிவில் வளைந்து இறங்கும் அடுக்கு வயல்கள். நான்காம் நாள் விடியலில் சூரிய வாசல் வழியாக மச்சு பிச்சு கீழே தெரியும்.

இடிபாடுகள் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக, கட்டியவர்கள் எந்த வரிசையில் பார்க்க வைத்தார்களோ அதே வரிசையில் வருவது இந்தப் பாதையில்தான். கூட்டம் இருக்கிறது, செலவு அதிகம், எல்லாம் உண்மை. ஆனாலும் பெர்மிட் கிடைத்தால் விடாதீர்கள்.

அந்த பெர்மிட் ஏன் கிடைப்பதில்லை?

ஒரு நாளைக்கு மொத்தம் 500 பேருக்குத்தான் அனுமதி. கைடு, சமையல்காரர், போர்ட்டர் எல்லாரும் இந்த 500-க்குள் அடக்கம். அதனால் பயணிகளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 200 இடம். ஜூன், ஜூலை தேதிகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். தனியாகப் போக அனுமதியில்லை. உரிமம் பெற்ற நிறுவனம் மூலமாகத்தான் பதிவு செய்ய முடியும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், எண் அப்படியே இருக்க வேண்டும். பெர்மிட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. பிப்ரவரி முழுவதும் பாதையை மூடிவிடுவார்கள். மழைக்காலத்தில் பராமரிப்பு வேலை நடக்கும்.

பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு, அப்புறம் பதிவு செய்யுங்கள். எண் மாறினால் வீண் அலைச்சல்.

பெர்மிட் கிடைக்கவில்லை. சல்கந்தாய் போனால் அதே அனுபவம் கிடைக்குமா?

நல்ல அனுபவம் கிடைக்கும், ஆனால் வேறு அனுபவம். இணையத்தில் 'இன்கா பாதைக்கு மாற்று' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, வழியெல்லாம் இடிபாடுகளை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வழியில் சொல்லும்படியாக இருப்பது ஒன்றுதான், லக்தபத்தா. அங்கே நின்றால் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் மச்சு பிச்சு சின்னதாகத் தெரியும்.

இந்தப் பாதையின் சொத்து 6,271 மீட்டர் உயரமுள்ள சல்கந்தாய் சிகரம். அதன் தோளை ஒட்டி 4,600 மீட்டருக்கு மேலுள்ள கணவாயைக் கடக்கிறோம். காலையில் பனிக்காற்றில் கைவிரல் மரத்துப்போய் நடப்போம். மறுநாள் வாழையும் காப்பியும் விளையும் வெப்பக் காட்டில் வியர்த்துக்கொண்டிருப்போம். இரண்டு நாளில் இத்தனை வகை நிலத்தை நான் வேறெங்கும் நடந்து கடந்ததில்லை. ஐந்து நாள், தினசரி எண்ணிக்கை வரம்பு கிடையாது, செலவும் குறைவு. மச்சு பிச்சு நுழைவுச் சீட்டை மட்டும் தனியாக, முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

இடிபாடுகள்தான் எனக்கு முக்கியம், ஆனால் கூட்டம் வேண்டாம். எங்கே போகலாம்?

சோக்கேகிராவ். இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே பாதி இதைச் சொல்வதற்காகத்தான்.

இன்காக்களின் கெச்சுவா மொழியில் 'பொன் தொட்டில்' என்று பொருள் சொல்வார்கள். சுமார் 3,050 மீட்டர் உயரத்தில், அபூரிமாக் ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு முகட்டில் இருக்கிறது. இன்றைக்கும் ரயிலோ பஸ்ஸோ கிடையாது. கேபிள் கார் போடுவதாகப் பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. போக வேண்டுமென்றால் நடக்க வேண்டும்.

நடை சுலபமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கச்சோரா என்ற ஊருக்குப் பக்கத்தில் கபுலியோக் என்ற இடத்தில், ஏறக்குறைய 2,900 மீட்டரில் தொடங்குகிறோம். அங்கிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கினால் உயரம் சுமார் 1,500. பாலத்தைக் கடந்து மறுகரையில் மறுபடியும் 2,900-க்கு ஏற வேண்டும். அதாவது 1,400 மீட்டர் இறங்கி, அதே 1,400 மீட்டர் ஏறி, திரும்பி வரும்போது மறுபடி அதையே செய்ய வேண்டும். போய்வர மொத்தம் 60 கிலோமீட்டருக்கு மேல், குறைந்தது நான்கு நாள். பள்ளத்தாக்கின் அடியில் வெயில் அனல் போல அடிக்கும். அதனால் எல்லாரும் விடிவதற்கு முன்பே தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்குவார்கள். ஆற்றோரம் ஒருவகைக் குட்டி ஈ கடிக்கும், அரிப்பு ஒரு வாரம் போகாது. முழுக்கை சட்டை, முழுக்கால் சட்டை அவசியம்.

மேலே மரம்பத்தா என்ற சின்ன ஊரில் உள்ளவர்கள் டென்ட் போட இடம் தருவார்கள், சூடாகச் சாப்பாடும் கொடுப்பார்கள். மறுநாள் காலை இடிபாடுகளுக்குள் போகிறோம். பெரிய முற்றம், இரண்டடுக்கு வீடுகள், உச்சியைச் சமமாக வெட்டி அமைத்த சடங்கு மேடை. செங்குத்தான சரிவில் இறங்கினால் அடுக்கு வயல்களின் தாங்குசுவரில் வெள்ளைக் கற்களைப் பதித்து லாமா உருவங்கள் செய்திருக்கிறார்கள், இருபதுக்கும் மேல். ஒவ்வொன்றும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு மேல்நோக்கி நடக்கிறது. தாங்குசுவரில் இப்படி விலங்குருவம் பதித்ததை இன்கா இடங்களில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. நான் அங்கே நின்ற ஒரு மணி நேரத்தில் வேறு யாருமே வரவில்லை. மச்சு பிச்சுவில் அதே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நகர்ந்துகொண்டிருப்பார்கள். இடத்தின் பெரும்பகுதி இன்னும் காட்டுக்குள் தோண்டப்படாமல் கிடக்கிறது.

வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1536-ல் ஸ்பானியர்களை எதிர்த்துக் கிளர்ந்த இன்கா மன்னர் மன்கோ இன்கா, குஸ்கோவை மீட்க முடியாமல் இந்த வில்கபம்பா மலைகளுக்குள்தான் பின்வாங்கினார். அவரும் அவர் பிள்ளைகளும் இங்கிருந்தபடி 1572 வரை தாக்குப்பிடித்தார்கள். அந்த ஆண்டு கடைசி இன்கா மன்னர் டுபக் அமாருவைப் பிடித்துக் குஸ்கோவில் தலையை வெட்டினார்கள். அமெரிக்கரான ஹைரம் பிங்கம் 1909-ல் முதலில் வந்தது சோக்கேகிராவுக்குத்தான். இங்கே வந்தபிறகுதான் தொலைந்துபோன இன்கா தலைநகரைத் தேடும் ஆசை அவருக்கு வந்தது. 1911-ல் பார்த்த மச்சு பிச்சுதான் அந்தத் தலைநகர் என்று பின்னாளில் நினைத்தார். உண்மையான இடம் காட்டுக்குள் இருக்கும் எஸ்பிரித்து பம்பா என்பது பிற்பாடு தெரியவந்தது.

எட்டு ஒன்பது நாள் இருந்தால் சோக்கேகிராவிலிருந்து மலை தாண்டி மச்சு பிச்சு வரைக்கும் நடந்தே போகலாம். யனாமா கணவாய் 4,600 மீட்டருக்கு மேல். நான் இன்னும் போகவில்லை. அடுத்த பயணம் அதற்காகத்தான்.

எனக்குப் பனிமலைதான் வேண்டும், இடிபாடுகள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்படியென்றால் அவுசங்கதே சுற்று. குஸ்கோவுக்குத் தென்கிழக்கே, 6,300 மீட்டரைத் தாண்டிய அந்தப் பெருமலையை ஐந்தாறு நாளில் ஒரு வலம் வருகிறோம், ஏறக்குறைய 70 கிலோமீட்டர். திங்கி என்ற ஊரில் தொடக்கம். முதல் நாள் உபிஸ் வெந்நீர் ஊற்று, கடைசி நாள் பக்சாந்தா வெந்நீர் ஊற்று. இடைப்பட்ட நாட்களில் மரம் என்று ஒன்றைப் பார்க்க முடியாது. செந்நிற மண், நீல ஏரிகள், அல்பாக்கா மந்தைகள், பனிப்பாளம் உடைந்து விழும் சத்தம். பலோமனி கணவாய் சுமார் 5,200 மீட்டர். இரவு தூங்குவதே பெரும்பாலும் 4,500-க்கு மேல்தான். அதனால் முதல் மலைநடையாக இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இங்குள்ளவர்களுக்கு அவுசங்கதே ஒரு 'அப்பு'. அதாவது மலையே சாமி. மழை தருவதும், மந்தையைக் காப்பதும், கோபம் வந்தால் தண்டிப்பதும் அதுதான். எங்களோடு வந்த கோவேறு கழுதைக்காரர் ஒவ்வொரு கணவாயிலும் மூன்று கோக்கா இலைகளை விசிறி போல விரலில் பிடித்து, மலையை நோக்கி ஊதி, ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் நகர்வார். மலையைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. செருப்பைக் கழற்றலாமா என்றுதான் தோன்றியது.

ஆண்டுதோறும் மே கடைசியிலோ ஜூனிலோ பக்கத்துச் சினகாரா பள்ளத்தாக்கில் கொய்யுர் ரித்தி திருவிழா நடக்கும். பல்லாயிரம் பேர் ஏறி வருவார்கள். உகுகு என்ற கரடி வேடக்காரர்கள் பனிப்பாளத்தில் ஏறி, பனிக்கட்டியை வெட்டி முதுகில் சுமந்து இறக்குவது பழைய வழக்கம். அந்தத் தண்ணீரை மருந்தாக நினைத்தார்கள். பனி சுருங்கிக்கொண்டே போவதைக் கண்டு, வெட்டுவதை அவர்களே நிறுத்திவிட்டார்கள். பெருவின் பனிப்பாளங்களில் பாதிக்கும் மேல் கடந்த அறுபது ஆண்டுகளில் போய்விட்டது. இந்த மலையைப் பார்க்கும் ஆசை இருந்தால் அதிகம் தள்ளிப்போடாதீர்கள்.

உயரம் உண்மையிலேயே அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆமாம். ஓர் ஒப்பீடு சொல்கிறேன். ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். மச்சு பிச்சு அதைவிடத் தாழ்வு, 2,430 தான். ஆனால் விமானம் இறங்கும் குஸ்கோ 3,400. கணவாய்கள் 4,200-லிருந்து 5,200 வரை. 5,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

முதல் பயணத்தில் தலைநகர் லிமாவிலிருந்து நேராகக் குஸ்கோவில் இறங்கி, அன்று மாலையே சான் பிளாஸ் பகுதிப் படிகளில் ஏறிச் சுற்றினேன். அன்றிரவு முழுக்கத் தலை பிளந்தது, வாந்தி வேறு. மறுநாள் எழுந்து உட்காரவே முடியவில்லை. இரண்டாம் பயணத்தில் விமான நிலையத்திலிருந்தே வண்டி பிடித்து உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டேன். அங்கே உயரம் 2,900 தான். இரண்டு இரவு தங்கி பீசாக், ஓயந்தாய்தம்போ இடிபாடுகளை மெதுவாகப் பார்த்துவிட்டு, பிறகு குஸ்கோவில் இரண்டு இரவு, அப்புறம்தான் நடை. ஒரு தலைவலி மாத்திரைகூடத் தேவைப்படவில்லை. நான் சொல்வது இதைத்தான்: நடை தொடங்கும் முன் குறைந்தது மூன்று நாள், அவுசங்கதே என்றால் ஐந்து நாள்.

3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது பாதுகாப்பு. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை வந்தால் அங்கேயே நின்று ஓய்வெடுங்கள், மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அது உயிராபத்து. இரவானாலும் மழையானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். டயமாக்ஸ் என்று விற்கும் அசிட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனால் ஊரிலேயே டாக்டரைப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கேட்காமல் கிளம்பக் கூடாது.

கோக்கா இலைத் தேநீர் குடிக்கலாமா?

பெருவில் சட்டப்படி தடையில்லை, எல்லா விடுதியிலும் வைத்திருப்பார்கள். லேசான கசப்பு, களைப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் ஓர் இலையைக்கூடப் பையில் போட்டு வெளியே எடுத்து வராதீர்கள். கொக்கெய்ன் எடுக்கும் செடியின் இலை என்பதால் வேறு பல நாடுகளில் அது போதைப்பொருள் வழக்கு.

வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறேன். அது போதுமா?

முழங்கால் உறுதிக்கு அது நல்ல சான்று. ஏழு மலையையும் ஏறி இறங்கியவருக்கு இன்கா படிகள் புதிதாகத் தெரியாது. ஆனால் வெள்ளியங்கிரி ஒரே இரவுக் காரியம். மறுநாள் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். இங்கே மறுநாளும் அதற்கடுத்த நாளும் எழுந்து நடக்க வேண்டும். அதனால் பயிற்சியில் தொடர்ச்சிதான் முக்கியம். மூன்று மாதம் முன்பே தொடங்கி, வார இறுதியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் நடந்து பாருங்கள். மலை இல்லாத ஊர் என்றால் அடுக்குமாடிப் படிகள் போதும், முதுகில் ஆறேழு கிலோ பையோடு. இறங்கும்போது லிஃப்ட் வேண்டாம். சோக்கேகிராவில் காலைப் பதம்பார்ப்பது இறக்கம்தான். ஷூவைப் புதிதாக வாங்கி நேராக அங்கே கொண்டு போகாதீர்கள், இங்கேயே நூறு கிலோமீட்டராவது நடந்து பழக்கிவிடுங்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. ஜூன், ஜூலையில் வானம் துல்லியம், ஆனால் இரவில் உறையும் குளிர். அவுசங்கதேயில் தண்ணீர்ப் புட்டி விடியும்போது கல்லாகியிருக்கும். என் விருப்பம் மே. மழை விட்ட பசுமை இருக்கும், கூட்டம் சேர்ந்திருக்காது.

ஜனவரி, பிப்ரவரி வேண்டவே வேண்டாம். 2010 ஜனவரியில் வெள்ளம் ரயில் பாதையை அரித்துவிட்டு, மச்சு பிச்சு அடிவாரத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். 2020 பிப்ரவரியில் சல்கந்தாய் மலையிலிருந்து சரிந்த பாறை ஏரியில் விழுந்து, அங்கிருந்து கிளம்பிய சேற்று வெள்ளம் கீழே சாந்தா தெரேசா பக்கம் பல உயிர்களைக் கொண்டுபோனது.

நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? விலை ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது?

விலை குறைகிறது என்றால் யாரோ ஒருவருடைய முதுகில் அது ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்கா பாதையில் கழுதைக்கு அனுமதியில்லை. டென்ட், அடுப்பு, காஸ், அரிசி, உருளைக்கிழங்கு எல்லாம் போர்ட்டர்கள் முதுகில்தான் போகிறது. ஓர் ஆண் போர்ட்டருக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 20 கிலோ. தொடக்கச் சாவடியில் எடை போட்டுப் பார்ப்பார்கள்.

முதல் முறை நான் விலையை மட்டும் பார்த்துப் பதிவு செய்தேன். மழை பெய்த இரவில் எழுந்து வெளியே போனபோது, எங்கள் போர்ட்டர்கள் சாப்பாட்டு டென்ட்டின் ஈரத் தரையில் பாய்கூட இல்லாமல் நெருக்கிப் படுத்திருந்தார்கள். அதில் ஒருவருக்கு அறுபது வயது இருக்கும். காலில் கார் டயரை வெட்டித் தைத்த செருப்பு. காலையில் அவர்தான் எனக்குச் சிரித்த முகத்தோடு தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தேநீரை என்னால் நிம்மதியாகக் குடிக்க முடியவில்லை.

அதனால் பணம் கட்டும் முன்பு எழுத்தில் கேளுங்கள். போர்ட்டர்களுக்குத் தனி டென்ட் உண்டா, தரைவிரிப்பு உண்டா, நாங்கள் சாப்பிடும் அதே சாப்பாடு அவர்களுக்கும் உண்டா, காப்பீடு உண்டா, நாளொன்றுக்கு என்ன கூலி? நேராகப் பதில் சொல்பவர்களிடம் போங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் சரி. டிப்ஸை மொத்தமாகக் கைடிடம் தராமல், பெருவின் பணமான சோலில் சில்லறை நோட்டுகளாக வைத்திருந்து ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?

நன்றாகவே முடியும். உருளைக்கிழங்கு பிறந்த மண் இது, பெருவில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்ட ரகங்கள். கினோவா கஞ்சி, சோளம், அவரை, பயறு, சோறு எல்லாம் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காய்கறி சூப் என்று சொன்னாலும் அடியில் கோழிச்சாறு இருக்கலாம். பதிவு செய்யும்போதும் முதல் நாள் சமையல்காரரிடம் நேரிலும் சொல்லிவிடுங்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டு போங்கள். உயரத்தில் பசி செத்துப்போகும்போது அதுதான் சோற்றை உள்ளே இறக்கும்.

நிறுவனம் இல்லாமல் தனியாகப் போகலாமா?

இன்கா பாதை தவிர மற்றவற்றுக்குப் போகலாம். சல்கந்தாயிலும் சோக்கேகிராவிலும் பாதை தெளிவு, வழியில் சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. அவுசங்கதேயில் ஊர்க்காரர் ஒருவரையும் அவருடைய கழுதையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூடுபனி இறங்கினால் பாதை மறைந்துவிடும், கைபேசி சிக்னலும் கிடையாது. கொஞ்சம் ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டு போனால் எல்லா இடத்திலும் கதவு திறக்கும்.

வயதான அப்பா அம்மாவும் வருகிறார்கள். எங்களுக்கு ஏற்ற பாதை?

104-வது கிலோமீட்டரில் ரயிலிலிருந்து இறங்கி, விஞாய் வைனா, சூரிய வாசல் வழியாக ஒரே நாளில் மச்சு பிச்சு போகும் குறும்பாதை ஒன்று இருக்கிறது. அதற்கும் பெர்மிட் வேண்டும். பெற்றோருக்குப் படி முடியாது என்றால் அவர்களை ரயிலில் அனுப்பிவிட்டு நீங்கள் மட்டும் நடந்து போய்ச் சேரலாம். மறுநாள் எல்லாருமாக மச்சு பிச்சு பார்க்கலாம். எல்லாருக்கும் நுழைவுச் சீட்டும் அசல் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். உள்ளே எந்தச் சுற்றுப்பாதையில் போகலாம் என்று சீட்டில் போட்டிருக்கும், அந்தச் சுற்றில் மட்டும்தான் நடக்க விடுவார்கள். அதனால் வாங்கும்போதே எல்லாருக்கும் ஒரே சுற்று, ஒரே நேரம் என்று பார்த்து வாங்குங்கள்.